சுவரில் நின்ற காப்பிக்காரி

பதினோரு வருடமாக எங்கள் வீட்டுச் சுவரில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணியை, பத்து நாளைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலையில், இரண்டு வாளிச் சுண்ணாம்பில் காணாமல் செய்தோம்.

பதற வேண்டாம். அவர் விளம்பரப் பெண்மணி.

அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. ரோட்டைப் பார்த்த பக்கச் சுவர் நல்ல நீளம். ஜன்னல் கிடையாது. இப்படி ஒரு சுவரைக் கம்பெனிக்காரர்கள் சும்மா விடுவார்களா? வீடு கட்டி முடித்த வருடமே ஒரு காப்பித்தூள் கம்பெனியின் பெயிண்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். (கம்பெனியின் பெயரைச் சொன்னால் இந்தப் பத்திரிகையின் விளம்பரப் பகுதிக்காரர் என்னிடம் கட்டணம் கேட்பார். வேண்டாம்.)

சிவப்புப் புடவை. கொண்டை நிறையப் பூ. நீட்டிய கையில் டவரா டம்ளர். டம்ளரிலிருந்து மூன்று நெளிகோடுகளாக ஆவி. பக்கத்தில் ஓர் ஆள் உயர எழுத்தில், 'ஒரு வாய் குடித்தவர் மறு வாய் கேட்பார்.'

சுவருக்கு வாடகை கிடையாது. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் அவர்களே வெள்ளையடித்து, புதிதாக வரைந்து, போகும்போது ஒரு கிலோ காப்பித்தூள் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் சிக்கரி அதிகம் என்பது என் மனைவி தனலட்சுமியின் கருத்து. அதையும் பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறாள்.

பெயிண்டர் ரசனையுள்ளவர். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்மணியிடம் ஏதாவது மாறும். ஒரு வருடம் கொண்டை போய்ப் பின்னல் வந்தது. இன்னொரு வருடம் புடவை பச்சையானது. ஒருமுறை மூக்குக்கண்ணாடிகூட மாட்டிவிட்டார். படித்த குடும்பங்களும் குடிப்பதாகத் தெரிய வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்களாம். மறு வருடமே கழற்றிவிட்டார். கண்ணாடி போட்டால் டீச்சர் மாதிரி இருக்கிறாள், காப்பி கேட்கப் பயமாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

மாறாதது அந்தக் கை ஒன்றுதான். பதினோரு வருடமாக ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டே நின்றது. யாரும் வாங்கியதில்லை.

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் உண்டு. அது எனக்கும் முனிசிபல் ஆபீசுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மற்றவர்களுக்கு அது 'காப்பிக்காரி வூடு'. செந்துறை பஸ்ஸில் கண்டக்டர், "காப்பிக்காரியெல்லாம் எறங்கு" என்று விசில் அடிப்பார். ஆபீசிலிருந்து களைத்துப்போய் வரும் நடுவயது ஆசாமியான நானும் அந்த அழைப்புக்கு இறங்குவேன். பழகிவிட்டது.

தனலட்சுமிக்குப் பழகவில்லை.

"நான் யாருக்குங்க காப்பி ஆத்திக் குடுத்தேன்? சந்தைக்குப் போனா வெண்டைக்கா விக்கிறவ, 'வாங்க காப்பிக்காரம்மா'ங்கிறா. இது ஒரு பேரா?"

எனக்கு அந்தப் பெண்மணியைப் பிடிக்கும். அதை வெளியில் சொல்லவில்லை. சுவரில் இருப்பவளாக இருந்தாலும் சில விஷயங்களை மனைவியிடம் சொல்லாமலிருப்பது நல்லது.

விஷயம் பெரிதானது எங்கள் மகளால். மல்லிகாவுக்கு இருபத்துநான்கு வயது. (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்.) மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டார்கள். மூன்று முறை கேசரி, மூன்று முறை பஜ்ஜி, மூன்று முறை அந்தப் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தட்டோடு வந்து நின்றது. மூன்றும் கூடி வரவில்லை.

மூன்றாவதாக வந்தவர்களில் ஒரு பெரியவர் படியிறங்கும்போது சுவரைப் பார்த்துச் சிரித்தாராம். "காப்பிக்காரி வூட்டுச் சம்பந்தமா?" என்றாராம். தரகர் வந்து சொன்னார். இதையெல்லாம் வந்து சொல்வதற்கும் ஒரு மனிதர் இருக்கிறார் பாருங்கள்.

அந்த இடம் தட்டிப்போனதற்குக் காரணம் வேறு. அது எனக்கும் தெரியும், தனலட்சுமிக்கும் தெரியும். ஆனால் உண்மையான காரணத்தை நம்மால் என்ன செய்ய முடியும்? சுவரென்றால் சுண்ணாம்பாவது அடிக்கலாம்.

நான்காவதாக அரும்பாவூரிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் முடிவு செய்துவிட்டாள். "அந்த மகராசி சுவத்துல நிக்கிற வரைக்கும் இந்த வூட்லேருந்து ஒரு பொண்ணு வெளிய போவாது."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. தவிர, சுண்ணாம்புக் கல் லாரி ராப்பகலாக ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது.

முதல் பூச்சில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது பூச்சில் போய்விட்டாள். டம்ளரின் ஆவி மட்டும் கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயதாகிறதோ என்னவோ... பழைய மளிகை விளம்பரங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பெரம்பலூரில் என் மாமா வீட்டுக்கு எதிரே ஒரு மளிகைக்கடை. கடை முகப்பு முழுவதும் தகரத் தட்டிகள்: தேயிலை, சோப்பு, பல்பொடி, தலைவலித் தைலம். பாதி துருப்பிடித்திருக்கும். பல்பொடித் தட்டியில் சிரிக்கிற மனிதருக்குத் துருவினாலேயே பல் போயிருக்கும். அதற்காக யாரும் அந்தப் பல்பொடியை வாங்காமல் இருந்ததில்லை.

கோடையில் ஒரு வேன் வரும். மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி. பின்பக்கத்திலிருந்து ரோஸிலும் மஞ்சளிலும் நோட்டீஸ் பறக்கும். சீயக்காய்த்தூள் நோட்டீஸைப் பொறுக்குவதற்காக முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பையன்களில் நானும் ஒருவன். எங்களில் ஒருவனுக்கும் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

டூரிங் கொட்டகையில் இடைவேளைக்கு சிலைடு போடுவார்கள். கண்ணாடியில் கையால் எழுதியது. 'நயம் சரக்கு, நியாய விலை, கடைத்தெரு.' அவ்வளவுதான். ஒருநாள் அந்தக் கண்ணாடியில் ஓர் எறும்பு ஏறிவிட்டது. திரையில் யானை அளவுக்கு எறும்பு, 'நயம் சரக்கு' என்ற எழுத்தை நோக்கி நடந்துபோகிறது. "சக்கரையைத் தேடிக்கிட்டுப் போவுதுடா" என்று யாரோ குரல் கொடுக்க, கொட்டகையே சிரித்தது. அதைவிட நல்ல விளம்பரத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

அந்த விளம்பரங்கள் பொய் சொல்லவில்லையா? சொல்லத்தான் செய்தன. ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு சொல்லின. இன்றைக்கு டி.வி.யில் வருகிற விளம்பரம் எங்கே நிற்கிறது? வருகிறது, ஆடுகிறது, போய்விடுகிறது. அதைப் பார்த்து ஒருவன் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க முடியுமா?

இதை நான் ஏதோ தத்துவம் மாதிரி அன்றைக்கு டைரியில் எழுதிவைத்தேன். மூன்றாம் நாளே நடந்து காட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. வீடு மெழுகியதுபோல் சுத்தமாக இருந்தது. கேசரி இறங்கிவிட்டது. பஜ்ஜிக்கு மாவு கரைத்தாகிவிட்டது. குடிப்பதற்கு என்ன என்பதில்தான் தகராறு.

தனலட்சுமி டவுனிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பொடி வாங்கிவரச் சொல்லியிருந்தாள். பக்கத்துத் தெருவில் டி.வி. வந்திருக்கிறது. அதில் ஒரு பையன் இதைக் குடித்துவிட்டுக் குதிக்கிறானாம்.

சித்திரை மாதத்தில் எங்கள் பக்கத்தில் ஆரஞ்சைத் தவிர எல்லாம் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கொள்ளிடக்கரை வெள்ளரிப்பிஞ்சு, பச்சை மாறாமல் கூடையில் அடுக்கியிருக்கும். பனையோலையில் நுங்கு. வெயில் எவ்வளவுக்கெவ்வளவு கொடுமைப்படுத்துகிறதோ அவ்வளவுக்கவ்வளவு கொடுத்தும் தீர்க்கிறது.

"நுங்கு வாங்கிட்டு வாங்கப்பா. மூணு பஸ் மாறி வெயில்ல வர்றாங்க" என்றாள் மல்லிகா.

"நுங்கா? அது தரையில குந்திக்கிட்டுக் கட்டை விரலால நோண்டித் திங்கிறது. மாப்பிள்ளை வூட்டுக்காரங்களை நோண்டச் சொல்றியா?"

"பவுடரைக் கலக்கிக் குடுத்தா மரியாதையாம்மா?"

"இவ ஒருத்தி. ஏன், முந்திரிப்பழம் ஒரு கூடை பறிச்சு வச்சுடுவோமா? அதுதான் சும்மாவே கெடக்குதே."

தனலட்சுமி கேலியாகச் சொன்னது அது. ஆனால் முந்திரிப்பழத்தைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டைத் தாண்டி ஒன்றரை மைலில் முந்திரிக்காடு தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் முந்திரி என்றால் கொட்டைதான் காசு. பழம் யாருக்கும் சொந்தமில்லை. வழியோடு போகிறவர் எவரும் பறித்துத் தின்னலாம். ஒரே நிபந்தனை, கொட்டையைத் திருகி மரத்தடியிலேயே வைத்துவிட வேண்டும். இதை யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. காவலிருப்பவர்கள் தின்கிறவரின் வாயைப் பார்க்க மாட்டார்கள். கையைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று. அந்தப் பழச்சாறு துணியில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. காயக் காயப் பழுப்பாகும். துவைத்தால் இன்னும் கறுக்கும். சோப்பு, எலுமிச்சை, வெயில், எதற்கும் மசியாது. அதனால் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் முந்திரிக்கென்றே ஒரு பழந்துணி இருக்கும். சீசன் முடிந்தால் மடித்துப் பரணில் போட்டுவிட்டு அடுத்த பங்குனியில் எடுப்பார்கள்.

பத்து மணி ஆயிற்று. பத்தரை. செந்துறை பஸ் ஒன்று வந்தது, நிற்காமல் போனது. பதினொன்றரைக்கு வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் வந்தார். கேசரி ஆறியது. தனலட்சுமி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து நடந்து, கடைசியில் நடப்பதை நிறுத்திவிட்டாள். அவள் நடப்பதை நிறுத்தினால்தான் எனக்குக் கவலை வரும்.

பன்னிரண்டுக்குத் தரகர் குடையோடு நடந்து வந்தார். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"சார்... காப்பிக்காரி எங்க?"

"சுண்ணாம்பு அடிச்சாச்சு."

"என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

அவர் குடையை மடக்கினார். வெயிலில் நின்றுகொண்டே மடக்கினார். "போச்சு. காப்பிக்காரி சுவத்துல எறங்குங்கன்னுல்ல அவங்களுக்குச் சொல்லியிருக்கேன். வேற அடையாளமே சொல்லல சார். இந்த ரோட்டுல வேற என்ன இருக்கு?"

உள்ளேயிருந்து தனலட்சுமி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'நான் அப்பவே நினைச்சேன்' என்று சொல்லக் கிடைக்கிற சந்தர்ப்பங்கள் மனித வாழ்வில் குறைவு. கிடைத்தபோது வாய் வரவில்லை.

தரகரைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிளை மிதித்தேன். உச்சி வெயில். தரகர் கனமானவர். வழியெல்லாம், "ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருந்தா வெள்ளைச் சுவத்துல எறங்குங்கன்னு சொல்லியிருப்பேனே" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார்.

முந்திரிக்காடு தொடங்குகிற இடத்தில், முதல் மரத்தின் நிழலில் அவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், அவர் மனைவி. பத்து மணி பஸ்ஸில் சரியாகத்தான் வந்திருக்கிறார்கள். கண்டக்டரிடமும் சொல்லித்தான் ஏறியிருக்கிறார்கள். நாலு நாள் லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்த அவரும் சுவரைத் தேடியிருக்கிறார். சுவர் வரவே இல்லை. காடு வந்துவிட்டது. இறக்கிவிட்டுப் போய்விட்டார். திரும்பி நடக்க வெயில் விடவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை.

காவலுக்கு இருக்கும் கோவிந்தம்மா கம்பை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். உங்க வூட்டு ஆளுங்களா? தண்ணி கேட்டாங்க. தண்ணிக்கு நான் எங்க போவேன், பழத்தைத் தின்னுங்க, கொட்டையை மட்டும் வச்சுடுங்கன்னு சொன்னேன். நல்லாத் தின்னாங்க. ஆனா கொட்டையை ஆளுக்கொரு பக்கமாப் போட்டுட்டாங்க. அந்தத் தம்பி ஒருத்தருதான் எழுந்திரிச்சுப் போயி எல்லாத்தையும் பொறுக்கியாந்து வச்சாரு."

மரத்தடியில் கொட்டைகள் ஒரு சின்னக் குவியலாக இருந்தன. மாப்பிள்ளை கூச்சத்தோடு எழுந்து நின்றார். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை. சரக்கு எண்ணி அடுக்கிப் பழகிய கை என்று நினைத்துக்கொண்டேன்.

தாய்மாமன் எழவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். "நாலு பழந்தாங்க தின்னேன். தொண்டையில யாரோ சீப்பு வச்சு வாருற மாதிரி இருக்கு."

"வெறும் பழத்தைத் தின்னா அப்பிடித்தான்" என்றார் கோவிந்தம்மா. பிறகு மாப்பிள்ளையின் மார்பைப் பார்த்தார். "ஏந் தம்பி, புதுச் சட்டையா?"

வெள்ளைச் சட்டை. முன்பக்கத்தில் நான்கைந்து இடத்தில் லேசான பழுப்பு. தாய்மாமனின் வேட்டியில் கை துடைத்த இரண்டு தடம்.

"வூட்டுக்குப் போயி அலசிட்டாப் போயிடும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"போவாதும்மா. அலச அலசக் கறுக்கும். இந்த ஊர்ல யாரு நல்ல துணியோட இதைத் திம்பா?"

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. மகனின் சட்டையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். "வழி தப்பிப்போச்சு. இப்பத் துணியும் கறையாயிடுச்சு. இன்னிக்கு நேரம் சரியில்ல அண்ணே. நாங்க இன்னொரு நாள் வரோம்."

இன்னொரு நாள். அந்த நாளை எனக்குத் தெரியும். முன்னால் வந்த மூன்று இடத்தாரும் அந்த நாளைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த தினசரிக் காலண்டரிலும் அதற்குத் தாள் கிடையாது. மல்லிகா காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. நான் மரத்தில் சாய்ந்துகொண்டேன்.

"பொண்ணு பாக்க வேண்டாம்மா" என்றேன். "வந்து தண்ணி குடிச்சுட்டாவது போங்க."

அவர் யோசித்தார். ஆனால் தீர்மானித்தது அவரில்லை. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததும் தாய்மாமன் எழுந்து எங்கள் வீட்டுத் திசையில் நடக்கத் தொடங்கிவிட்டார். மற்றவர்கள் பின்னால் போகவேண்டியதாயிற்று.

தரகரை முன்னால் அனுப்பி வீட்டில் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அந்த வெயிலில் எதுதான் தோன்றும்?

எல்லோர் காலிலும் செம்புழுதி. கால் கழுவட்டும் என்று பக்கத்து வழியாக நேரே கிணற்றடிக்கு அழைத்துப்போனேன்.

அங்கே மல்லிகா உட்கார்ந்திருந்தாள்.

இனி யாரும் வரப்போவதில்லை என்று பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டிருக்கிறாள். கட்டியிருந்தது எங்கள் வீட்டு முந்திரிப் புடவை. ஒரு காலத்தில் நீலமாக இருந்தது. இப்போது பழுப்புத் திட்டுக்களுக்கு நடுவே அங்கங்கே நீலம் இருக்கிறது. எதிரில் ஒரு பேசின் நிறைய உப்புத் தண்ணீரில் வகிர்ந்துபோட்ட முந்திரிப்பழம். வாய் நிறையப் பழம். முழங்கை வரைக்கும் சாறு வழிந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து நின்றாள். வாயிலிருந்ததை விழுங்கினாள். "வாங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தப் புடவையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கிணற்றில் குதிக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கோடை, தண்ணீர் அடியில் கிடக்கிறது, பயனில்லை.

"பாப்பா... தண்ணி" என்றார் தாய்மாமன்.

"இப்பத் தண்ணி குடிச்சா இன்னும் கரகரக்கும்ங்க. மொதல்ல உப்பு போட்டுக் கொப்புளிங்க." ஒரு சொம்பில் உப்பைக் கரைத்துக் கொடுத்தாள். அவர் சொன்னபடி செய்தார்.

"உங்களுக்கு மட்டும் தொண்டையைப் பிடிக்காதா?" மாப்பிள்ளை கேட்டார். அவர் அன்றைக்குப் பேசிய முதல் வாக்கியம் என்று நினைக்கிறேன்.

"வகுந்து உப்புத் தண்ணியில ஊறப் போட்டுத் தின்னா ஒண்ணும் பண்ணாது. பறிச்சு அப்பிடியே கடிச்சா..." பேசின் பக்கம் திரும்பியவள் வாக்கியத்தையும் முடித்துவிட்டாள். "மாடுதான் அப்பிடித் திங்கும்."

சரியாக அந்த நேரத்தில் பின்கட்டு வாசலில் தனலட்சுமி வந்து நின்றாள். தலைவலிக்கு ஈரத் துண்டைக் கட்டியிருந்தாள். மகளை, மகளின் புடவையை, வந்தவர்களை, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தாள். "மல்லிகா" என்றாள்.

முதலில் சிரித்தது தாய்மாமன். வாயில் உப்புத் தண்ணீரோடு சிரித்ததால் பாதி மூக்கு வழியாக வந்தது. "நாலு பழம் தின்ன மாடு நாந்தான்" என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. மல்லிகாவின் பக்கத்தில் போய்ப் புடவைத் தலைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது போவவே போவாதாம்மா?"

"போவாதுங்க. அந்தச் சட்டையை இதுக்குன்னே வச்சுக்கச் சொல்லுங்க. வருசா வருசம் ஆவும்."

"எங்க ஊர்ல முந்திரி ஏது?"

"அப்ப வருசா வருசம் இங்கதான் வரணும்" என்றார் தாய்மாமன். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மறுபடி கொப்புளிக்கப் போய்விட்டார்.

பிறகு எல்லோரும் கிணற்றடித் துவைகல்லிலும் படியிலுமாக உட்கார்ந்து உப்பில் ஊறிய பழத்தைத் தின்றார்கள். பேசின் காலியாயிற்று. கேசரியை யாரும் தொடவில்லை. ஆரஞ்சுப் பொடி கலக்கிய டம்ளர்கள் தட்டோடு வந்து தட்டோடு நின்றன. தரகர் மட்டும் இரண்டு குடித்தார். குதிக்கவில்லை.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது தனலட்சுமி வாசல்வரை போனாள். "இன்னிக்கு எல்லாம் ஏறுக்குமாறா ஆயிடுச்சு. இன்னொரு நாள் நல்லபடியா வாங்க. பொண்ணை முறையாப் பாக்கலாம்."

"பொண்ணைத்தான் பாத்தாச்சே" என்றார் அந்த அம்மா. முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "சொல்லி அனுப்புறோம்."

பெண்ணைப் பெற்ற வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'இன்னொரு நாள்' என்பதற்கு அண்ணன் 'சொல்லி அனுப்புறோம்'.

திங்கள், செவ்வாய்... ஒரு தகவலும் இல்லை. தரகர் இந்தப் பக்கம் வரவில்லை. தனலட்சுமி முதலில் தரகரைத் திட்டினாள். பிறகு கண்டக்டரை. பிறகு மகளை.

"மாப்பிள்ளையா வந்தவரை மாடுன்னா சொல்லுவாங்க?"

"மாடுதான் அப்பிடித் திங்கும்னேன். அவரை மாடுன்னு சொல்லலம்மா."

"வித்தியாசத்தை அரும்பாவூருக்கு எழுதிப் போடு."

புதன்கிழமைக்குப் பிறகு யாரும் யாரையும் திட்டவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மல்லிகா பட்டுப்புடவையை பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். வழக்கமாக மேல்தட்டில் இருக்கும். மாலையில் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். சிக்கரி அதிகம்தான்.

நேற்றுச் சனிக்கிழமை சாயங்காலம் பெயிண்டர் வந்தார். யார் சொன்னார்களோ. சைக்கிளை நிறுத்திவிட்டு வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி இருந்தது.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிட்டீங்க. பதினோரு வருசம் சார்."

நான் பதில் சொல்வதற்குள் தனலட்சுமி வெளியே வந்தாள். விரட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"வரைஞ்சுக்குங்க" என்றாள். "இனிமே யாரு வரப் போறா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்தப் பத்து நாளில் என்னை மிகவும் களைக்க வைத்தது வெயிலுமல்ல, தரகரை வைத்து மிதித்த சைக்கிளுமல்ல. அந்த நான்கு சொல்தான்.

பெயிண்டர் கைவிரலில் வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து, டம்ளரிலிருந்து தொடங்கினார். பிறகு மூன்று கோடு ஆவி. பிறகு டம்ளரைப் பிடித்த கை, வளையல், முழங்கை.

"முகத்தை மொதல்ல போட மாட்டீங்களா?"

"கம்பெனிக்கு டம்ளர்தான் சார் முக்கியம். ஆளு எப்ப வேணா வரும்."

இருட்டிவிட்டது. மீதியைத் திங்கட்கிழமை வந்து முடிப்பதாகச் சொல்லி, ஏணியை எங்கள் வீட்டில் சாத்திவிட்டுப் போனார். வெள்ளைச் சுவரில் ஆளில்லாமல் ஒரு கை மட்டும் ரோட்டைப் பார்த்துக் காப்பியை நீட்டிக்கொண்டிருந்தது.

இன்று ஞாயிறு. காலையில் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன். எதை எழுதுவது என்று தெரியவில்லை. வெயிலைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செந்துறை பஸ் வந்து வாசலில் நின்றது. எங்கள் வீட்டில் யாரும் ஏறுவதற்கில்லை. யாரும் இறங்கவுமில்லை. கண்டக்டர்தான் இறங்கினார். பஸ்ஸின் பின்பக்கம் போய் மேலே இருந்த ஒரு சாக்கு மூட்டையை இழுத்துத் தோளில் வாங்கினார்.

தனலட்சுமி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் மூட்டையை அவள் முன்னால் இறக்கிவைத்தார். புதுச் சின்ன வெங்காயம். தாளோடு முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தது. மூட்டையின் மேல் பழைய பேப்பரில் கொஞ்சம் பூவும் மஞ்சளும்.

"பெரம்பலூர் வண்டியில போட்டு அனுப்பி, ஸ்டாண்டுல எங்க வண்டிக்கு மாத்திவுட்டாங்கம்மா. அரும்பாவூர்லேருந்து. சம்பந்தி வூட்ல எறக்கிடுங்கன்னு சொன்னாங்க."

தனலட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். பின்னால் வந்து நின்ற மல்லிகா உள்ளே போய்விட்டாள். நான் பேனாவை மூடினேன்.

கண்டக்டர் சுவரை அண்ணாந்து பார்த்தார். அந்த ஒற்றைக் கையையும் டம்ளரையும் பார்த்துக் கொஞ்சம் சந்தேகப்பட்டார். போன வாரம் ஒருமுறை ஏமாந்தவர் அல்லவா.

"ஏம்மா, ஆளைக் காணோம், கை மட்டும் இருக்கு. இது காப்பிக்காரி வூடுதானே?"

"ஆமாங்க" என்றாள் என் மனைவி. "காப்பிக்காரி வூடுதான்."